கரடி வரும் பாதை

2022-ஆம் ஆண்டு நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை காலை. தென்காசி மாவட்டத்தில் கடையத்தை அடுத்த சிவசைலம் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் சாலையில், மசாலாப் பொருள்களை இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வழக்கம்போல் வியாபாரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மீது கரடி ஒன்று பாய்ந்தது. அவரை வண்டியோடு கீழே தள்ளி, மேலே ஏறி, முகத்தைக் கடிக்கத் தொடங்கியது. ஜனங்கள் கூடினர், கூச்சலிட்டனர். மீட்க முயன்ற மேலும் இருவரையும் அது விட்டுவைக்கவில்லை. யாரோ கைப்பேசியில் பிடித்த அந்தக் கோரக் காட்சி அன்று பொழுது சாய்வதற்குள் தமிழ்நாடு முழுவதும் பரவிவிட்டது. வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திக் கரடியைப் பிடித்துக் களக்காட்டு மலைப்பகுதியில் கொண்டுபோய் விட்டனர். சில தினங்களில் கரடியும் இறந்துபோயிற்று.

அக்காட்சியைக் கண்ட ஒவ்வொருவர் மனத்திலும் எழுந்த கேள்வி ஒன்றே: அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? பள்ளிக்கூடத்தில் படித்த இரு நண்பர்கள் கதையை நினைவில் வைத்திருப்பவர், மூச்சை அடக்கிச் செத்தவன்போல் கிடக்கலாம் என்றார். மலையூரில் பிறந்து வளர்ந்தவர், சரிவில் இறங்கி ஓடினால் கரடியால் தொடர முடியாது என்றார். அமெரிக்க வனக்காவலர்களின் படக்காட்சிகளைப் பார்த்துப் பழகிய இளைஞரோ, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, உடலைப் பெரிதாகக் காட்டி, உரக்கக் கத்தினால் அது விலகிப் போய்விடும் என்று தீர்மானமாகச் சொன்னார். இவற்றுள் ஒன்று ஒரு தேசத்துக் கரடியிடம் உயிரைக் காப்பது, இன்னொரு தேசத்துக் கரடியிடம் உயிரை வாங்கக்கூடியது. மற்றொன்று எந்தக் கரடியிடமும் பயன்படாதது. நீலகிரி மலையின் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் கரடி நடமாட்டம் வாராந்தரச் செய்தியாகிவிட்ட இக்காலத்தில், எது எது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது மலைவாசிகளுக்கு மட்டுமன்றி, கோடை விடுமுறைக்கு மலையேறும் நம் எல்லோருக்குமே அவசியமாகிறது.

எல்லாக் கரடியும் ஒரே கரடி அன்று

உலகில் இன்று எட்டு இனக் கரடிகள் உள்ளன. அவற்றில் நான்கு இந்தியாவில் வாழ்கின்றன. தமிழ்நாட்டு மலைகளில் வாழ்வதோ ஒரே இனம். உடல் முழுதும் சடை சடையாகக் கரிய மயிரும், மார்பில் வெளிறிய வளைகோடும், நீண்ட மூக்கும், தொங்கும் உதடும் கொண்ட தேன்கரடி அது. கரையானும் எறும்பும் தேனும் பழமுமே அதன் பிரதான ஆகாரம். சங்கப் புலவர்கள் எண்கு என்று பெயர் சொல்லி, புற்றைத் தோண்டிக் குரும்பி எனும் புற்றாஞ்சோற்றைத் தின்னும் அதன் வழக்கத்தை நள்ளிரவில் உடனிருந்து பார்த்தவர்கள்போல் பாடி வைத்திருக்கிறார்கள். 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விஞ்ஞானி இதன் நகங்களைப் பார்த்துவிட்டு, தென்னமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கும் சோம்பேறி விலங்கின் குடும்பத்தில் இதைச் சேர்த்துவிட்டார். நம் புலவர்கள் அந்தப் பிழையைச் செய்யவில்லை.

வட அமெரிக்கக் காடுகளில் வாழும் கருங்கரடி வேறு இனம். நிறத்தால் இரண்டும் கருமை. சுபாவத்தால் இரண்டுக்கும் வெகு தூரம். அமெரிக்கக் கருங்கரடி அடர்ந்த காட்டுக்குள் உருவான பிராணி. ஆபத்து வந்தால் நொடியில் மரத்தில் ஏறிவிடும். தாய் தன் குட்டிகளையும் மரத்தில் ஏற்றிவிடும். ஆகவே எதிர்த்து நிற்பதைவிட விலகிப் போவதே அதன் பரம்பரைக் குணமாயிற்று. நம் கரடியின் வரலாறு வேறு. புலியும் சிறுத்தையும் யானையும் உலவும் நிலத்தில், பல இடங்களில் ஏறித் தப்ப உயரமான மரங்களும் இல்லாத புதர்க்காட்டில், குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு திரிய வேண்டிய தாய்க்கு, ஓடி ஒளிவதால் பயனில்லை. மரமேறத் தெரிந்தாலும் மரமேறித் தப்ப முடியாது, சிறுத்தையும் மரமேறும். எனவே, அருகில் திடீரென்று எது தோன்றினாலும் முதலில் தாக்கிவிடுவது, அதுவும் முகத்தையும் தலையையும் குறிவைத்துத் தாக்குவது என்பது பல ஆயிரம் தலைமுறைகளாக அதன் இரத்தத்தில் ஊறிப்போயிற்று. மனிதனைத் தின்பதற்காக அது வருவதில்லை. புலி என்றே நம்மையும் எண்ணி அஞ்சி, அந்த அச்சத்திலேயே பாய்கிறது.

இந்த ஒரு பேதத்தை அறிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

பெட்டிச் செய்தி: நம் மலைக்கரடி

ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரையிலும், பெண் 55 முதல் 95 கிலோ வரையிலும் எடையிருக்கும். முன்காலின் வளைந்த நகங்கள் 7, 8 சென்டிமீட்டர் நீளம். பாறைபோல் இறுகிய புற்றை உடைப்பதற்கென்றே அமைந்தவை.

மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டு இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சி இழுக்கும்; அப்போது மண் புகாதபடி நாசித் துவாரங்களை மூடிக்கொள்ளும். உறிஞ்சும் ஓசை நிசப்தமான இரவில் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

மோப்ப சக்தி அபாரம். பார்வையும் செவியும் மட்டம். உறிஞ்சுவதில் ஆழ்ந்திருக்கும்போது மனிதன் மிக நெருங்கும்வரை அது அறியாது.

பெரும்பாலும் மாலை மயங்கியதிலிருந்து விடியும்வரை நடமாடும். பகலில் பாறை இடுக்கிலும் புதரிலும் படுத்திருக்கும். குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் வழக்கம் இல்லை.

உலகில் எஞ்சியிருப்பவை 20,000-க்கும் குறைவு என்பது மதிப்பீடு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது.

கத்துவதா, கிடப்பதா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் கருங்கரடியைப் பற்றி வனத்துறையினர் சொல்லும் உபதேசம் சுருக்கமானது. ஓடாதே, நிமிர்ந்து நில், கைகளை விரித்து உருவத்தைப் பெரிதாக்கு, உரத்த குரலில் பேசு, கரடி விலகிப் போக வழிவிட்டு மெல்லப் பின்வாங்கு, மீறித் தாக்கினால் செத்ததுபோல் கிடக்காதே, கையில் கிடைத்ததைக் கொண்டு மூக்கிலும் முகத்திலும் அடித்துப் போராடு. இந்த உபதேசத்துக்குப் பின்னால் ஆழ்ந்த ஆராய்ச்சி இருக்கிறது. கரடித் தாக்குதல்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கனடிய விஞ்ஞானி ஸ்டீபன் ஹெரேரோவும் அவர் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1900 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் கட்டுக்காவலில் இல்லாத கருங்கரடிகளால் 59 சம்பவங்களில் 63 பேர் இறந்திருக்கிறார்கள். இலட்சக்கணக்கில் கரடிகள் வாழும் ஒரு கண்டத்தில் நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு இது மிகச் சிறிய எண். ஆனால் அந்த மரணங்களில் 100-க்கு 88, கரடி இரைதேடி வந்ததால் நேர்ந்தவை. அப்படி இரைதேடி வந்தவற்றுள் 100-க்கு 92 ஆண் கரடிகள். குட்டியோடு இருக்கும் தாயே மிகப் பயங்கரமானது என்ற பொது அபிப்பிராயம் கருங்கரடி விஷயத்தில் பொய்த்துப்போகிறது. நிலத்தில் அறைந்து, மூச்சைச் சீறிவிட்டு, பற்களைக் கடகடவென்று அடித்துக்காட்டும் கருங்கரடி உண்மையில் பயந்திருக்கிறது. சத்தமின்றிப் பின்தொடரும் தனிக்கரடிதான் அபாயம். இரையென்று கருதி வந்த மிருகத்தின் முன் செத்ததுபோல் கிடந்தால் அதன் வேலையைச் சுலபமாக்கியதாகும். ஆகவேதான் அங்கே போராடச் சொல்கிறார்கள்.

இதே உபதேசத்தை நீலகிரியில் ஒருவர் அனுசரித்தால் விபரீதமாக முடியும். இங்கே கரடி இரைக்காக வரவில்லை, பயத்தால் வருகிறது. பயந்த பிராணியின் எதிரே கைகளை உயர்த்திப் பெரிதாகத் தோன்றிக் கத்துவது, அதன் பயத்தை உறுதிப்படுத்துவதேயாகும். நமது கரடி தன்னை அச்சுறுத்தும் பொருள் அடங்கிவிட்டது என்று தோன்றியதும் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். ஆதலால், கரடி உடல்மேல் வந்து விழுந்துவிட்ட நிலையில், குப்புறப் படுத்து, முகத்தைத் தரையில் புதைத்து, இரு கைவிரல்களையும் பிடரியில் கோத்து, முழங்கைகளால் கன்னங்களை மறைத்து, அது விலகிப்போகும்வரை அசையாமல் கிடப்பதே தேன்கரடியை ஆராய்ந்தவர்கள் கூறும் யோசனை. பள்ளிக்கூடக் கதையின் நண்பன் நம் நாட்டுக் கரடியிடம் பாதி பிழைப்பான். மீதிப் பாதி, அவன் மல்லாந்து கிடந்தானா, கவிழ்ந்து கிடந்தானா என்பதைப் பொறுத்தது. முகமும் கண்ணும் கழுத்தும் மேலே இருக்கக் கிடப்பவனுக்கு அசையாமலிருப்பதால் மட்டும் பாதுகாப்பில்லை.

சரிவில் இறங்கி ஓடலாம் என்ற நம்பிக்கையையும் இங்கேயே கைவிட்டுவிட வேண்டும். பார்ப்பதற்கு மந்தமாகத் தள்ளாடி நடக்கும் இப்பிராணி, பாய வேண்டிய க்ஷணத்தில் எந்த மனிதனையும்விட வேகமாக ஓடும், மேட்டிலும் பள்ளத்திலும்.

வட அமெரிக்கர் கையில் உள்ள இன்னொரு சாதனம் மிளகாய்க் காரம் அடைத்த தெளிப்பான். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் திரட்டி 2008-இல் வெளியான ஆய்வு, கருங்கரடியிடம் அதைப் பயன்படுத்தியபோது 100-க்கு 90 தடவை கரடி தன் எண்ணத்தைக் கைவிட்டதாகக் காட்டியது. நம் மலைக்கிராமங்களில் அது சர்வசாதாரணமாகக் கிடைக்கும் பொருள் அன்று. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணின் இடுப்பில் அதைத் தொங்கவிடச் சொல்வது இன்றைய நிலையில் வெறும் பேச்சு.

குப்பைமேடு கற்பித்தது

ஆனால் அமெரிக்காவிடமிருந்து நாம் அவசியம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அது கரடியை எதிர்கொள்ளும் வித்தை பற்றியது அன்று. கரடி வராமலிருக்கச் செய்யும் ஏற்பாடு பற்றியது.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் விடுதிகளின் எச்சில் உணவைக் குவித்த குப்பைமேடுகளுக்குக் கரடிகள் மாலைதோறும் வந்தன. அதைக் கண்டுகளிக்க உல்லாசப் பயணிகளுக்குப் படிக்கட்டு ஆசனங்கள்கூட அமைத்திருந்தார்கள். சாலையோரத்தில் காரை நிறுத்தி ஜன்னல் வழியாக ரொட்டி கொடுப்பது பெரிய விநோதமாகக் கருதப்பட்டது. அதன் பலன், 1931 முதல் 1969 வரை அந்த ஒரு பூங்காவில் மட்டும் ஆண்டுக்குச் சராசரி 48 பேர் கரடிகளால் காயமடைந்தார்கள். 1970-ஐ ஒட்டிக் குப்பைமேடுகளை மூடி, தீனி போடுவதைக் கண்டிப்பாகத் தடுத்த பிறகுதான் அந்த எண் விழுந்தது. கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பூங்காவில் கருங்கரடிகள் காரின் கதவை நகத்தால் வளைத்துத் திறந்து உள்ளே இருக்கும் தின்பண்டத்தை எடுக்கக் கற்றுக்கொண்டன; தாயிடமிருந்து குட்டிகள் கற்றன. 1998-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 1,584 சம்பவங்கள் பதிவாயின. அதன் பின்னர் அரசாங்கம் பணம் ஒதுக்கி, முகாமிடும் இடந்தோறும் கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை வைத்து, உணவு மட்டுமன்றிச் சோப்பும் பற்பசையும்கூட அப்பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விதித்து, மீறியவர்களுக்கு அபராதம் போட்டு, இரவெல்லாம் ரோந்து சுற்றிய பிறகு சம்பவங்கள் மிகப் பெருமளவு குறைந்தன. அங்கே கரடிகளைவிட மனிதர்களைத்தான் அதிகம் பழக்கினார்கள்.

எண்ணெய் வாசனையின் பின்னே

கோத்தகிரி வட்டாரத்தில் ஊருக்குள் வரும் கரடி எங்கே போகிறது என்பதைக் கண்காணிப்புக் காமிராக்கள் நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கோயில் கதவை முட்டித் திறந்து விளக்கிலிருக்கும் எண்ணெயைக் குடிக்கிறது. சத்துணவுக் கூடத்தின் தாழ்ப்பாளைப் பெயர்க்கிறது. ரேஷன் கடைக்குள் புகுந்து பாமாயில் பாக்கெட்டைக் கிழிக்கிறது. சர்க்கரை மூட்டையைக் குதறுகிறது. பேக்கரியின் பின்புறம் கொட்டிய கேக் துண்டுகளைத் தேடி வருகிறது. ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறக்குறைய 8,000 கலோரி சக்தி அடங்கியிருக்கிறது. இரவு முழுவதும் மண்ணைத் தோண்டி, புற்றுக்குப் புற்று அலைந்து, கரையானின் கடியையும் பொறுத்துக்கொண்டு சேர்க்க வேண்டியதை ஒரு பாக்கெட்டில் பெற்றுவிடலாம் என்று ஒருமுறை அறிந்துகொண்ட பிராணி, மறுநாளும் வராமலிருக்கக் காரணமில்லை. ஜனவரியில் முதுகில் குட்டியாக வந்தது அடுத்த ஆண்டு தானே வழி காட்டிக்கொண்டு வரும்.

தேயிலைத் தோட்டமே கரடிக்கு ஒரு மறைவிடமாகிவிட்டது, அது ஊரை நெருங்குவதற்கு மற்றொரு காரணம். பச்சைத் தேயிலையின் விலை விழுந்தபோதெல்லாம் சிறு விவசாயிகள் பலர் கவாத்து வெட்டக் கூலி கட்டுப்படியாகாமல் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கவாத்து வெட்டாத தேயிலை இடுப்பளவில் நிற்காமல் ஆளுயரத்துக்கு மேல் மரமாக வளர்கிறது. அடியில் உண்ணிச்செடி மண்டுகிறது. அதற்குள் பகலில் கரடி படுத்திருந்தாலும் பக்கத்துப் பாத்தியில் கொழுந்து பறிப்பவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பேரி மரமும் பிளம்ஸ் மரமும் கொய்யாவும் பழுத்து உதிரும் மாதங்களில் தோட்டத்துக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள இருபதடி தூரமும் அதன் மேய்ச்சல் நிலமாகிவிடுகிறது.

இதன் பலனை அனுபவிப்பவர் யார் என்று பார்த்தால் மனம் வேதனைப்படுகிறது. விடுதியின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் படம் பிடிக்கும் பயணிக்குக் கரடி ஒரு காட்சி. இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, முதுகில் பையுடன், பனி விலகுமுன் தோட்டத்துக்குள் இறங்கும் தொழிலாளிக்கோ, முன்னால் இருக்கும் செடி அசைந்தால் அது காற்றா கரடியா என்பதே அன்றைய கவலை. பறித்த கிலோவுக்குக் கூலி என்ற ஏற்பாட்டில், வெயில் ஏறட்டும் என்று காத்திருக்க அவரால் இயலாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் கழிப்பறை தள்ளியிருக்கும் இடங்களில் இருட்டியபின் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பிரதான சாலையில் பேருந்து இறங்கி ஒரு மைல் நடந்து வீடு சேரவேண்டிய மாணவன், மாலை வகுப்பை நிறுத்திவிடுகிறான். மின்சாரம் போன இரவில் ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது. இருட்டில் தனியாகப் போகாதே, கூட்டமாகப் போ என்று எழுதுவது எளிது. தோட்ட நிர்வாகமும் ஊராட்சியும் விளக்கையும், குடியிருப்புக்குள் கழிப்பறையையும், கொழுந்துப் பாதையின் இருமருங்கிலும் வெட்டித் திறந்த வெளியையும் கொடுக்காத வரையில், அந்த உபதேசத்தின் பாரம் முழுவதும் மிக எளியவர் தலையிலேயே ஏறுகிறது. கரடிப் பாதுகாப்பு என்ற விஷயத்தில் நமக்குள்ள முதல் கடமை இதுதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கரடிக்கும் நஷ்டம் உண்டு. ஊருக்குப் பழகிய கரடி வெகுநாள் வாழ்வதில்லை. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டுகிறது. வேகமாக வரும் வண்டியில் அடிபடுகிறது. யாரையாவது தாக்கியபின் ஊரின் கோபத்துக்கு இலக்காகிறது. இராமாயணத்தில் அனுமனுக்கு அவன் பலத்தை நினைவூட்டிய ஜாம்பவானின் இனம் இது. தெருத்தெருவாக மூக்கணாங்கயிற்றில் இழுபட்டு ஆடிய கரடிகளை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பயந்த குழந்தையைக் கரடி முதுகில் ஏற்றினால் பயம் தெளியும் என்றும், அதன் மயிரைத் தாயத்தில் அடைத்துக் கட்டினால் காத்து கருப்பு அண்டாது என்றும் நம்பிய காலம் அது. சட்டமும், கரடி வளர்த்தவர்களுக்கு வேறு பிழைப்புத் தேடிக்கொடுத்த முயற்சியும் சேர்ந்து, 2009-ஐ ஒட்டி நாட்டில் கரடியை ஆட்டுவிக்கும் வழக்கம் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. தெருவில் ஆடிய கரடியை விடுவித்த தேசம், குப்பைத்தொட்டிக்கு வரும் கரடியையும் காட்டுக்குத் திருப்ப முடியும்.

பெட்டிச் செய்தி: நீலகிரிப் பாதையில் நடப்பவருக்கு

விடியுமுன்னும் அந்தி சாய்ந்த பின்னும் காட்டோரப் பாதைகளைத் தவிர்க்க வேண்டும். போகத்தான் வேண்டுமென்றால் பேசிக்கொண்டே, தடியைத் தரையில் தட்டிக்கொண்டே, இருவர் மூவராகச் சேர்ந்து, வெளிச்சத்துடன் செல்லவேண்டும். தொலைவிலிருந்தே ஓசை கேட்டால் கரடி விலகிவிடும். அதைத் திடுக்கிட வைப்பதுதான் ஆபத்து. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு நடப்பது கூடாது.

வளைவுகளிலும், ஓடைச் சலசலப்பில் காலடி கேட்காத இடங்களிலும், பாறைக் குகைகளின் அருகிலும், புதிதாகத் தோண்டிய புற்றைக் கண்ட இடத்திலும் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

தூரத்தில் கரடியைக் கண்டால் நின்றுவிடுங்கள். அது உங்களைக் கவனிக்காவிட்டால் வந்த வழியே ஓசையின்றித் திரும்பிவிடுங்கள். கவனித்துவிட்டால், முகத்தை அதன் பக்கமே வைத்து, மெல்லப் பின்வாங்குங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் ஒருபோதும் செல்லாதீர்கள். கல்லெறிவதும் துரத்துவதும், படம்பிடிக்க நெருங்குவதும் கூடாது.

நாயைக் கட்டாமல் அழைத்துச் செல்லாதீர்கள். குரைத்துக்கொண்டு முன்னால் ஓடும் நாய், கரடி திரும்பியதும் உங்களிடமே ஓடிவரும். அதன் பின்னால் கரடியும் வரும்.

முகாமிட்டால் சமையலும் தூக்கமும் ஒரே இடத்தில் வேண்டாம். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்க வேண்டாம்.

தாக்கிய ஒரு நிமிஷத்துக்குப் பின்

தேன்கரடியின் தாக்குதல் பெரும்பாலும் நீண்டநேரம் நீடிப்பதில்லை. ஆனால் அந்தச் சிறு பொழுதின் விளைவு ஆயுள் முழுதும் தொடரலாம். உச்சந்தலைத் தோல் பிளந்துவிடுகிறது. மூக்கும் கண்ணிமையும் கிழிகின்றன. தாடை எலும்பு முறிகிறது. சிலருக்குக் கண்ணே போய்விடுகிறது. பல தடவை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு உயிர் பிழைத்தவர்கூட, கண்ணாடியைப் பார்க்கவும் கடைவீதிக்குப் போகவும் கூசி வீட்டுக்குள் முடங்கிவிடுவதுண்டு. அரசாங்கம் கொடுக்கும் நிவாரணத் தொகை மருத்துவத்துக்கே செலவாகிப்போன பிறகு, உணவு மெல்ல முடியாத தாடையோடு மறுபடி கூலிவேலைக்குப் போவது எப்படி என்ற கேள்வி மிஞ்சுகிறது.

ஆகவே முதல் ஒருமணி நேரம் மிக முக்கியம். இரத்தம் பெருகும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்த வேண்டும். தொங்கும் தோலை வெட்டவோ இழுக்கவோ கூடாது. இருந்த இடத்திலேயே பொருத்தி வைத்துக் கட்ட வேண்டும். மருத்துவர் அதையே மீண்டும் தைத்துவிடக்கூடும். முகத்தில் அடிபட்டவர் நினைவோடிருந்தால் மல்லாந்து படுக்க வைக்காமல், முன்னால் சாய்த்து உட்கார வைத்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சை அடைக்காது. காப்பித்தூளும் மஞ்சள்தூளும் சாம்பலும் காயத்தில் அப்புவது நம் வீடுகளில் இன்னும் மறையாத வழக்கம். கரடி குதறிய ஆழமான புண்ணில் அது தொற்றை வளர்த்து, தைக்கவரும் மருத்துவர் கையைக் கட்டிப்போடும். சிறு கீறலானாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும், ஆழமான கடிக்கு அதனுடன் காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்பு மருந்தும், இசிவு நோய்த் தடுப்பூசியும் தேவை. நாய்க்கடிக்குத்தான் அந்த ஊசி என்று எண்ணி இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. 108-ஐ அழைக்கும்போதே கரடிக்கடி, முகத்தில் காயம் என்று தெளிவாகச் சொன்னால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க முடியும். கீழ்க்கோத்தகிரிப் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து மலைப்பாதை இறங்கிக் கோயம்புத்தூர் சேர்வதற்குள் கழியும் நேரத்தை நினைத்தால், வட்டார மருத்துவமனைகளிலேயே அந்த மருந்துகள் எந்நேரமும் இருப்பில் இருக்க வேண்டியதன் அவசியம் விளங்கும்.

கூண்டு கேட்டு மனு

ஊருக்குள் கரடி வந்த மறுநாள் முதலில் எழும் கோரிக்கை, கூண்டு வைத்துப் பிடியுங்கள் என்பதாகும். பயத்தில் வாழ்கிறவர்கள் அப்படிக் கேட்பதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. மனிதனைத் தொடர்ந்து தாக்கும் கரடியைப் பிடித்து அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். ஆனால் எண்ணெய்க்கு வரும் ஒரு கரடியைப் பிடித்து வேறு காட்டில் விட்டுவிடுவது மட்டும் பரிகாரமாகாது. நெடுந்தொலைவு கொண்டுபோய் விட்ட கரடிகள் பழைய இடத்துக்கே திரும்பிவந்த அனுபவம் வட அமெரிக்காவில் நிறைய உண்டு. திரும்பாவிட்டாலும், கதவைப் பெயர்க்கும் வித்தையை அது புதிய ஊருக்குக் கொண்டுபோகிறது. காலியான இடத்துக்கு, அதே வாசனையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வருகிறது.

அடுத்த பழக்காலம் தொடங்குமுன் செய்யக்கூடியவை நம் கைக்கெட்டிய காரியங்கள்தாம். ரேஷன் கடைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் தகரக் கதவுக்குப் பதில் இரும்புக் கதவு. இரவு பூஜை முடிந்ததும் விளக்கிலுள்ள எண்ணெயை வடித்து எடுத்துப்போய்விடும் வழக்கம். கோயில் நிர்வாகிகள் மனம் வைத்தால் ஒரு காசும் செலவில்லை. பழுத்தவுடன் பறித்துவிடுவது, உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கிவிடுவது. வெட்டாமல் விட்ட தோட்டங்களில், குறைந்தபட்சம் வீடுகளையும் நடைபாதைகளையும் ஒட்டிய பகுதியையாவது கவாத்து வெட்டிவிட ஊராட்சியின் உதவி. விடுதிகளும் உணவுக்கடைகளும் எச்சிலை இரவில் வெளியே வைக்காமல் காலையில் வண்டி வரும்வரை பூட்டி வைப்பது. கரடி திறக்க முடியாத மூடியுள்ள குப்பைத்தொட்டி. கூண்டு கேட்டு மனு எழுதும் ஒவ்வொரு ஊரும் அந்த மனுவின் இரண்டாவது வரியிலேயே இத்தொட்டியையும், மூன்றாவது வரியில் தெருவிளக்கையும், நான்காவது வரியில் லைன் வீட்டுக் கழிப்பறையையும் சேர்த்து எழுதி, வனத்துறைக்கு ஒரு பிரதியும், தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதியும், ஊராட்சிக்கு ஒரு பிரதியும் கொடுக்கலாம்.